விடுமுறைத் திட்டப்பணி: பேராக்கின் அருகிவரும் விலங்குகளும் தோட்டத்துப் பெரியவர்களின் நினைவுகளும்

ஈப்போ – பள்ளி விடுமுறைக்குக் கொடுக்கப்படும் திட்டப்பணிகளில் ‘விலங்குகள்’ என்ற தலைப்பு அடிக்கடி வரும். பல வீடுகளில் அந்த வேலை ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது. இணையத்தில் கிடைத்த சிங்கம், பாண்டா, பனிக்கரடிப் படங்களை அச்சிட்டு, மணிலா அட்டையில் ஒட்டி, ஓரத்தில் வண்ணக் காகிதம் வைத்தால் போதும் என்றாகிவிட்டது. அந்த மூன்றில் ஒன்றுகூட மலேசியக் காட்டு விலங்கு இல்லை.

பேராக் பிள்ளைகள் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. புலி, யானை, தெனுக், அழுங்கு, ஆற்றாமை என உலகமே கவலைப்படும் உயிரினங்கள் இந்த மாநிலத்திலேயே உள்ளன. ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்து, அவற்றில் சிலவற்றை நேரில் பார்த்த தாத்தா பாட்டிகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் புந்தோங், சுங்கை சிப்புட், ஈப்போ என்று குடிபெயர்ந்தன. அந்த நினைவுகளை எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. விலங்குகளும் குறைந்து வருகின்றன, அவற்றைப் பார்த்தவர்களும் குறைந்து வருகிறார்கள். இரண்டையும் ஒரே ஏட்டில் பதிவு செய்ய ஒரு பள்ளி மாணவரால் முடியும்.

அதற்கு உதவும் தகவல்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு சொற்கள்

ஓர் இடத்தில் இயற்கையாகவே வாழ்ந்து வரும் விலங்கு அந்த மண்ணுக்குரிய விலங்கு. அதன் எண்ணிக்கை அழியும் அளவுக்குக் குறைந்தால் அது அருகிவரும் விலங்கு. எல்லா மண்ணுக்குரிய விலங்கும் அருகிவரும் விலங்கு ஆகாது. கூகை நம் மண்ணில் வாழ்கிறது, ஆனால் அருகிவிடவில்லை.

அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் சிவப்புப் பட்டியல் ஆபத்தைப் படிப்படியாகப் பிரிக்கிறது: பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவை, அருகிவருபவை, மிக ஆபத்தான நிலையில் அருகிவருபவை. அதற்கு அடுத்த படி காட்டில் அற்றுப்போவது. சுமத்ரா காண்டாமிருகம் ஒரு காலத்தில் தீபகற்பக் காடுகளிலும் இருந்தது. மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. இப்போது நாட்டில் அந்த இனமே இல்லை.

பேராக்கில் தேட வேண்டிய விலங்குகள்

*மலாயாப் புலி (ஹரிமாவ் மலாயா):* நாட்டின் அரசுச் சின்னத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு புலிகள். 1950களில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் காட்டில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்று தெரியவந்தது. கம்பிச் சுருக்குகளும் காடு குறைந்ததும் முக்கியக் காரணங்கள். கிரீக் வட்டாரத்தில் உள்ள பெலும்–தெமெங்கோர் காடு அதன் முக்கிய வாழிடங்களில் ஒன்று. அதில் 117,500 ஹெக்டர் பரப்புள்ள ராயல் பெலும், 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் பதிவு செய்யப்பட்டது.

*தெனுக் (தாபிர்):* முன்பாதியும் கால்களும் கறுப்பு, முதுகும் பின்பகுதியும் வெள்ளை. குட்டி மட்டும் தர்ப்பூசணிப் பழம்போல் கோடும் புள்ளியுமாகப் பிறக்கும். தாய் சுமார் 13 மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும் என்பதால், சாலையில் அடிபடும் ஒவ்வொரு தெனுக்கும் பெரிய இழப்பு.

*அழுங்கு (தெங்கிலிங்):* எறும்புத்தின்னி என்று பலர் சொல்வது இதைத்தான். எறும்பும் கறையானும் இதன் உணவு. ஆபத்து வந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். புலியிடமிருந்து காக்கும் அந்தப் பழக்கம் மனிதனிடம் எடுபடவில்லை. சுருண்ட அழுங்கைக் கையால் தூக்கிச் சாக்கில் போட்டுவிடலாம். செதிலுக்காகவும் இறைச்சிக்காகவும் கடத்தப்படுவதால் இது மிக ஆபத்தான நிலையில் உள்ளது. காட்டில் மட்டுமன்றி ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் வாழக்கூடியது என்பதால், பெரியவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய விலங்கு இதுவே.

*இருவாட்சி (எங்காங்):* மலேசியாவில் உள்ள 10 வகை இருவாட்சிகளையும் பெலும்–தெமெங்கோர் காட்டில் காணலாம். பெண் பறவை மரப்பொந்துக்குள் அமர்ந்ததும் வாயில் அடைக்கப்படும். சிறு இடுக்கு வழியாக ஆண் பறவை உணவு ஊட்டும். ஆண் பறவை வேட்டையாடப்பட்டால் பொந்துக்குள் இருப்பவையும் பிழைப்பது கடினம்.

*ஆற்றாமை (துந்தோங்):* பேராக் ஆற்றின் மணல்திட்டுகளில் முட்டையிடும். முட்டை சேகரிப்பும் மணல் எடுப்பும் இதன் எண்ணிக்கையைக் குறைத்தன. போத்தா கானானில் வனவிலங்குத் துறை ஆற்றாமைகளுக்கான பாதுகாப்பு மையத்தை நடத்துகிறது. முட்டை இருக்கும் மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது என்பது அறிவியல் பாடத்துக்கு நல்ல செய்தி.

*பால்நிற நாரை:* கோலகூலா கடலோரச் சதுப்புநிலம் இதன் இடம். தமிழ்நாட்டுக் குளங்களில் காணப்படும் மஞ்சள் மூக்கு நாரைக்கு நெருங்கிய உறவு. கிரியான் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் உழைத்தார்கள் என்பதால், இந்தப் பறவையைப் பற்றி எழுதும்போது குடியேற்ற வரலாற்றையும் சேர்த்து எழுதலாம்.

*சுண்ணாம்புக்கல் மலை உயிர்கள்:* ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகளில் கம்பிங் குருன் எனும் மலையாடு வாழ்ந்து வந்திருக்கிறது. செம்மோர் அருகே உள்ள கந்தான் மலையில் 1997இல் ஒரு பொறிக்கதவுச் சிலந்தியும், 2014இல் ஒரு பல்லியும் ஒரு சிறு நத்தையும் அறிவியலுக்குப் புதியவை என விவரிக்கப்பட்டன. விவரிக்கப்பட்டபோது அந்த ஒரே மலையில்தான் அவை அறியப்பட்டிருந்தன. சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் மலையில் இப்படிப்பட்ட உயிர்கள் இருப்பது, ஈப்போ மாணவர் ஒருவர் தம் வீட்டு வாசலிலிருந்தே எழுதத் தொடங்கக்கூடிய தலைப்பு.

*கூகை (புங்கோக் ஜெலாபாங்):* செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கம்பத்தில் பெட்டி வைத்து வளர்க்கப்படும் ஆந்தை. தோட்டம் மாறியபோது எல்லா உயிரும் குறைந்துவிடவில்லை, சில உயிர்களுக்கு இடமும் கிடைத்தது என்பதற்கு இது சான்று.

யானையின் கதை: 1894 முதல் 2025 வரை

ஒரே விலங்கை எடுத்துக்கொண்டு முழுத் திட்டப்பணியும் செய்யலாம். பேராக்கில் அதற்கு யானை பொருத்தம்.

1894 செப்டம்பர் 17ஆம் நாள் தெலுக் இந்தான் அருகே, தன் கூட்டத்தைக் காக்க வந்த காட்டு யானை ஒன்று ஓடும் ரயிலை மோதித் தடம்புரளச் செய்து உயிரிழந்தது. அந்த யானையின் நினைவாக வைக்கப்பட்ட பலகை அங்கே உண்டு. அப்போது காட்டுக்குள் புதிதாக நுழைந்தது ரயில் பாதை. 1982இல் கிரீக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்டு, யானைகள் நடமாடும் காட்டை ஊடறுத்தது. 2025 மே 11ஆம் நாள், அன்னையர் தினத்தன்று, அதே நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரு யானைக்குட்டி இறந்தது. லாரியின் அடியில் கிடந்த குட்டியை விட்டு அகலாமல் தாய் யானை தலையால் லாரியை முட்டி நின்ற காணொளியை நாடே பார்த்தது.

இந்த மூன்று ஆண்டுகளையும் ஒரு காலக்கோட்டில் வைத்து, நடுவில் குடும்பத்தாரின் அனுபவங்களைச் சேர்த்தால் அது வெறும் படத் தொகுப்பாக இருக்காது. யானை தோட்டத்துக்குள் வந்த இரவு பற்றி வீட்டுப் பெரியவர் ஏதாவது சொல்லக்கூடும். அதற்குரிய இடம் அந்தக் கோட்டில் இருக்கிறது.

பெரியவர்களிடம் என்ன கேட்பது?

பால்மரம் சீவப் போனவர்கள் விடியும் முன்பே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்குள் நடந்தவர்கள். இரவு விலங்குகள் கூட்டுக்குத் திரும்பும் நேரம் அது. அதனால் அவர்கள் பார்த்தவை ஏராளம். “தாத்தா, தோட்டத்தில் என்ன விலங்கு பார்த்தீர்கள்?” என்று பொதுவாகக் கேட்டால் பாம்பு, பன்றி, குரங்கு என்று பதில் முடிந்துவிடும். கீழ்க்காணும் வரிசையில் கேட்டால் பயன் அதிகம்:

1. எந்தத் தோட்டம்? எந்த ஆண்டுகளில் அங்கே இருந்தீர்கள்?
2. விடியற்காலையில் என்ன பார்த்தீர்கள்? இரவில் லயத்துக்கு அருகே எது வந்தது?
3. அதைத் தோட்டத்தில் என்ன பெயர் சொல்லி அழைத்தீர்கள்?
4. கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?
5. பார்த்தால் என்ன செய்வீர்கள்? விரட்டுவீர்களா, பிடிப்பீர்களா, சாமியாகக் கும்பிடுவீர்களா?
6. அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

மூன்றாம் கேள்வி முக்கியமானது. தமிழர் இங்கு வரும்போதே அழுங்கு, இருவாட்சி, கூகை, நீர்நாய், கடமான் போன்ற பெயர்களைக் கொண்டு வந்தார்கள். தமிழகத்தில் இல்லாத தெனுக்குக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. மூசாங் போன்ற மலாய்ச் சொற்களும் தோட்டத்துத் தமிழில் கலந்தன. பெரியவர் சொன்ன பெயரை அப்படியே எழுதி, பக்கத்தில் நூல் தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் எழுத வேண்டும். இப்படி 10 விலங்குகளுக்குச் செய்தாலே, கடையில் கிடைக்காத ஒரு சிறு அகராதி தயாராகிவிடும்.

பதிலைச் சரிபார்க்கவும் வேண்டும். தோட்டத்தில் ‘புலி’ என்றால் சிறுத்தையாகவும் இருக்கலாம். ‘கரும்புலி’ என்று பெரியவர் சொன்னால் அது பெரும்பாலும் கருஞ்சிறுத்தை. தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகள் ஏறக்குறைய அனைத்தும் கறுப்பு நிறத்தவை. கோடு இருந்ததா, உடல் முழுதும் கறுப்பா என்று மரியாதையோடு மீண்டும் கேட்டு எழுதலாம். பாட்டி சொன்னது ஒரு பத்தியிலும் நூல் சொல்வது அடுத்த பத்தியிலும் இருந்தால் ஆசிரியருக்கும் எளிதாகப் புரியும்.

கைவேலைக்குச் சில யோசனைகள்

*அழுங்கு உருவம்:* பழைய நாளிதழைக் கசக்கி உடல் செய்து, உலர்ந்த ரப்பர் கொட்டை ஓடுகளைச் செதில்போல் வாலிலிருந்து தலை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டலாம்.

*இருவாட்சிக் கூடு:* காலணிப் பெட்டியை மரப்பொந்தாக்கி, களிமண்ணால் வாயிலை மூடி, அலகு மட்டும் நுழையும் இடுக்கு விடலாம். உள்ளே தாயும் குஞ்சும் இருக்கட்டும்.

*அன்றும் இன்றும் வரைபடம்:* குடும்பம் வாழ்ந்த தோட்டத்தைப் பெரியவர் சொல்லச் சொல்ல வரைய வேண்டும். லயம், ஆயாக் கொட்டகை, கோயில், பால் கொட்டகை, ஆறு ஆகியவற்றைக் குறித்து, விலங்கு பார்த்த இடங்களில் எண் போடலாம். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து இன்றைய வீடமைப்பையும் சாலையையும் வரையலாம்.

*பாம்பும் ஏணியும்:* பாம்புகளுக்குப் பதில் கம்பிச் சுருக்கு, வேக வாகனம், காடு அழிப்பு. ஏணிகளுக்குப் பதில் வனக்காவலர் ரோந்து, விலங்குகள் கீழே கடந்து செல்ல உயர்த்திக் கட்டிய பாலம். அப்படிப்பட்ட பாலம் ஒன்று கிரீக்கில் இருக்கிறது.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

1961இல் தொடங்கப்பட்ட தைப்பிங் விலங்குத் தோட்டத்தில் மலாயாப் புலியையும் தெனுக்கையும் பார்க்கலாம். 1883இல் நிறுவப்பட்ட தைப்பிங் பேராக் அரும்பொருளகம் நாட்டிலேயே மிகப் பழமையானது. அங்கே பதப்படுத்தப்பட்ட விலங்குகள் உள்ளன. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பயணம் போக வசதியில்லாத குடும்பங்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டுப் பெரியவரின் ஒரு மணி நேரப் பேச்சும் ஒரு பள்ளி ஏடும் போதும்.

கவனிக்க வேண்டியவை

திட்டப்பணிக்காக எந்தக் காட்டு உயிரையும் பிடிக்கக்கூடாது, வாங்கவும் கூடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அதிகபட்சத் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டு சிறை என உயர்த்தப்பட்டது. அழுங்கு செதில், புலிப்பல், இருவாட்சி அலகு போன்றவற்றை வைத்திருப்பதும் குற்றமாகலாம். அழுங்கையோ தேவாங்கையோ எங்காவது கண்டால் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாமல், பெற்றோர் மூலம் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவிப்பதே நல்லது. படம் பார்த்து ஆர்வப்படுவோரில் கடத்தல்காரரும் இருக்கக்கூடும்.

பெரியவர்கள் சிலர் அந்தக் காலத்தில் அழுங்கையோ கடமானையோ சமைத்துச் சாப்பிட்டதாகச் சொல்லலாம். குறைந்த கூலியில் குடும்பம் நடத்திய காலத்தின் செய்தி அது. பிள்ளைகள் அதை மறைக்கவும் வேண்டாம், அவர்களைக் குறை சொல்லவும் வேண்டாம். சொன்னதைச் சொன்னபடி எழுதி, இன்றைய சட்டத்தையும் பக்கத்தில் குறித்தால் போதும்.

பணி முடிந்ததும் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் தகவல் தந்தவரின் பெயர், தோட்டத்தின் பெயர், பேசிய தேதி ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். பள்ளி திருப்பித் தந்த பிறகு ஏட்டைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடாமல், ஒரு நகலைப் பள்ளி நூலகத்திலும் ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொள்வது நல்லது. பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு ஒரு மாணவர் இதைச் செய்தாலும், 130க்கும் மேற்பட்ட குடும்பங்களின் தோட்டத்து நினைவுகள் தமிழில் எழுத்தாகிவிடும்.