முன் அனுபவம்: இல்லை

சென்ற ஆண்டு இறுதியாண்டு மாணவி ஒருத்தி, வேலை விண்ணப்பம் ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். கைபேசிச் செயலிகளுக்குத் திரைகளும் ஐகான்களும் வடிவமைக்கும் பயிற்சிப் பணி. இவள் படிப்பது இளங்கலைத் தமிழ். குடும்பம் வெம்பாக்கம் பக்கத்து நெசவுக் குடும்பம். ஃபிக்மா மென்பொருளைக் கல்லூரிக் கணினி அறையில் தானாகவே கற்றுக்கொண்டவள். விண்ணப்பத்தில் பிழைகள் அதிகமில்லை. ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் மட்டும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

“வீட்டில் தறிக்கு டிசைன் யாரும்மா போடுறது?”

“நான்தான் மேம், கிராஃப் தாள்ல. எட்டாவதுல இருந்து போடுறேன். ஆனா அது அப்பா தொழில். நான் சும்மா ஒத்தாசைக்கு.”

இந்தச் ‘சும்மா’வுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் வட்டாரத்தில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: சேலைக் கரையில் ஓர் அன்னம் விழ வேண்டுமானால், முதலில் அது கட்டம் போட்ட தாளில் விழ வேண்டும். ஒரு கட்டத்தை நிரப்பினால் பாவிழை மேலே எழும். விட்டால் கீழே கிடக்கும். தாளின் ஒவ்வொரு வரிசையும் ஓர் அட்டையாகும். அட்டையில் துளை உள்ள இடத்தில், தறிக்கு மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியின் கொக்கி இழையைத் தூக்கும். பெட்டிக்கு 240 கொக்கி என்றால் ஒவ்வொரு அட்டையிலும் 240 முடிவுகள்.

1804ஐ ஒட்டிப் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய இந்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறிக்கு எடுத்துக்கொண்டார். தறி பூவை நெய்வதுபோல அந்தப் பொறி கணக்கை நெய்யும் என்று 1843இல் விளக்கியவர் ஏடா லவ்லேஸ் என்ற பெண். கணினிக்குத் தாய்வீடு தறி என்று சொன்னால் தவறில்லை.

அந்தத் தாய்வீட்டில் பெண்ணுக்கு என்ன பெயர்? 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கைத்தறித் தொழிலாளர்களில் சுமார் 72 விழுக்காட்டினர் பெண்கள். ஆனாலும் ‘நெசவாளர்’ என்றதும் நம் கண்முன் வருவது தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண்தான். பக்கத்தில் தார் சுற்றுபவளுக்கு ‘நெசவாளர் மனைவி’ என்று பெயர்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 1960களில் அப்போலோ விண்கலக் கணினியின் நிரந்தர நினைவகத்தை, அமெரிக்காவின் ரேத்தியான் தொழிற்சாலையில் பெண்கள் கையால் கோத்தார்கள். காந்த வளையத்துக்குள் கம்பி நுழைந்தால் ஒன்று. வெளியே போனால் பூஜ்ஜியம். நிலவுக்குப் போன வழி அந்தக் கோப்பில்தான் இருந்தது. பொறியாளர்கள் அதைச் செல்லமாகக் ‘கிழவிகள் நினைவகம்’ என்றார்கள். நிரல் எழுதியது அறிவு, கோத்தது கைவேலை என்று பிரித்துவிட்டார்கள்.

இந்தப் பிரிவினையைக் கேள்வி கேட்ட ஓர் ஆய்வு சென்னையிலேயே நடந்தது. 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலத்துக்கு இலக்கணம் வகுத்துக் கணினி வரைகலை ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சொற்கள் சேர விதி இருப்பதுபோலப் புள்ளியும் இழையும் சேரவும் விதி உண்டு. அதைக் கணினிக்குச் சொல்லித் தர முடியும் என்று காட்டினார்கள். மூவரில் இருவர் பெண்கள். வாசலில் குனிந்து கோலம் போட்டவள் அதுவரை செய்துகொண்டிருந்தது வெறும் பழக்கமல்ல, கணக்கு.

புள்ளியும் கட்டமும் கணினித் திரைக்கு வந்த கதையிலும் ஒரு பெண் இருக்கிறார். சூசன் கேர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நூலிழையை எண்ணித் தைக்கும் பூவேலையை அம்மாவிடம் கற்றவர். ஓர் அருங்காட்சியகத்துக்காகக் காட்டுப்பன்றிச் சிற்பம் செய்துகொண்டிருந்தபோது, பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் ஆப்பிள் நிறுவனத்திலிருந்து அழைத்தார். கணினி வரைகலையில் சூசனுக்கு முன் அனுபவம் இல்லை. ஒரு கிராஃப் நோட்டு வாங்கி, 32க்கு 32 கட்டங்களை நிரப்பி நிரப்பி வரைந்தார். 1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினியின் சிரிக்கும் முகம், குப்பைத் தொட்டி, வெடிகுண்டு எல்லாம் அப்படிப் பிறந்தவை. அந்த நோட்டுத் தாள்கள் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அவருக்கு உள்ளே ஒரு நண்பர் இருந்தார், கையில் பெரிய பட்டம் இருந்தது, ஆங்கிலம் தாய்மொழி. என் மாணவிக்கு இந்த மூன்றும் இல்லை. இதை மறைத்துவிட்டு ‘நீயும் சாதிக்கலாம்’ என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான்காவதாக ஒன்று இருவருக்கும் பொது. கட்டத்துக்குள் யோசிக்கப் பழகிய கை.

அந்தக் கை அங்கே போய்ச் சேர வேண்டியது அவளுடைய பிழைப்புக்காக மட்டுமல்ல. ஃபேஸ்புக்கின் ‘நண்பர்கள்’ ஐகானில் வெகுகாலம் ஆண் உருவம் முன்னாலும் பெண் உருவம் பின்னாலும் நின்றன. ஆணுக்கு இடம்விட்டுப் பெண்ணின் தோள் வெட்டுப்பட்டிருந்தது. அங்கே வடிவமைப்பாளராகச் சேர்ந்த கெய்ட்லின் வின்னர் என்ற பெண்தான் அதைக் கவனித்து, 2015இல் பெண்ணை முன்னால் கொண்டுவந்து மாற்றி வரைந்தார். கோடிக்கணக்கானவர்கள் தினமும் பார்த்த படம். ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்காரும்வரை அந்தத் தோள் யார் கண்ணையும் உறுத்தவில்லை. இன்னும் எத்தனையோ மிச்சமிருக்கின்றன. வாங்கும் செயலிகள் பலவற்றில் தள்ளுவண்டிதான் சின்னம். மஞ்சப்பையோடு சந்தைக்குப் போகிறவளுக்கு அது என்ன சொல்லும் என்று கேட்க, சந்தைக்குப் போன ஒருத்தி அந்த அறையில் இருக்க வேண்டும்.

இந்தத் துறையில் பட்டத்தைவிட, செய்த வேலைகளின் தொகுப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். முடிந்த படம் மட்டும் போதாது. எதை வைத்தோம், எதை நீக்கினோம், சிறிதாக்கினால் தெரிகிறதா, படிக்காதவருக்குப் புரிகிறதா என்று காரணம் சொல்ல வேண்டும். அன்னத்தின் கழுத்து எத்தனை கட்டத்துக்குக் குறைந்தால் வாத்தாகிவிடும் என்று அறிந்தவளுக்கு இது புதிதா?

பழைய கிராஃப் தாள்களைக் கொண்டுவரச் சொன்னேன். பாதிதான் இருந்தன, மீதி அடுப்புக்குப் போயிருந்தன. எதிலும் பெயர் இல்லை. 2010இல் ₹ குறியீடு வந்தபோது, அதை வரைந்த டி. உதயகுமாரின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள்கூட மனப்பாடம் செய்தார்கள். நியாயம்தான். ஒரு குறியீட்டுக்கு வரைந்தவர் பெயர் உண்டு என்று நமக்குத் தெரியும். கரைக்கும் புட்டாவுக்கும் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

“இதுல அப்பா பேர் போடணுமா மேம்?”

“போட்டது யார்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ‘இல்லை’யை அடித்துவிட்டு எழுதினாள்: ‘பட்டுச்சேலைக் கரை, புட்டா வடிவமைப்பு, 7 ஆண்டுகள்.’

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அங்கே கிடைக்கவில்லை. ஆனால் நேர்காணலில் தறியைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார்களாம். இப்போது வேறு இரண்டு இடங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். இந்த முறை என்னிடம் திருத்தக் கொண்டுவரவில்லை. வீட்டில் புதிதாகப் போடும் தாள்களின் மூலையில் தேதியும் பெயரும் எழுதுகிறாள். அதைப் பார்த்து அப்பா முதலில் சிரித்தாராம். போன வாரம் அட்டை குத்துபவரிடம் தாளைக் கொடுக்கும்போது, “பேர் இருக்கிற பக்கம் கிழிஞ்சிடாம பாத்துக்கோ” என்றாராம்.