தீம் போட்டால் போதுமா?

வேர்ட்பிரஸில் தீம் எனப்படும் வார்ப்புரு வசதி 2005 பிப்ரவரியில், 1.5 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் தளத்தின் தோற்றத்தை மாற்ற மூலக் கோப்புகளிலேயே கை வைக்க வேண்டும். வந்த பிறகும் ஜிப்பை இறக்கி, பிரித்து, எஃப்.டி.பி. வழியாகச் சரியான அடைவில் ஏற்ற வேண்டியிருந்தது (இதிலேயே பாதிப் பேர் ஓடியிருப்பார்கள்!). 2009-இல் 2.8 பதிப்பு, நிர்வாகப் பக்கத்திலிருந்தே தேடி நிறுவ வழி செய்தது.

சரி, நிறுவியாயிற்று. அப்புறம்? மாதிரிப் படத்தில் முகப்பு, மெனு எல்லாம் ஜொலிக்கும். நம் புதுத் தளத்திலோ 'ஹலோ வேர்ல்ட்' இடுகை மட்டும் திருதிருவென விழிக்கும். என்னைக் கேட்டால் புதியவர்களை விரட்டியது இந்த வெறுமைதான். 2016 டிசம்பரில் வந்த 4.7, புதுத் தளமென்றால் மாதிரிப் பக்கங்களையும் மெனுவையும் முன்னோட்டத்தில் வார்ப்புருவே நிரப்பிக் காட்டும்படி செய்தது. நாம் வெளியிடும்வரை அவை வாசகர் கண்ணில் படாது. ஏற்கனவே எழுதிக் குவித்த தளங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது!