வாழத் தகுதியற்ற ஊர்

1964 அக்டோபரில் சார்த்தர் நோபல் பரிசை வேண்டாமென்றார். எழுத்தாளன் தன்னை ஒரு நிறுவனமாக மாற்ற விடக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைப் புயலில் எழுந்த கடல் அடித்துப்போனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலுக்குள் போயின.

இரண்டு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் பிறர் நமக்குத் தரும் பெயரை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வி பாம்பன் கரைக்கும் வந்தது.

முதலில் பாலம். சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் குறித்தது. மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இ. ஸ்ரீதரனுக்கு அப்போது 32 வயது. வேலை 46 நாளில் முடிந்தது. டெட்லைனைத் தலைவிதி மாதிரி பேசும் என்னைப் போன்ற மென்பொருள்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்த கதை. சூழ்நிலை நம் கையில் இல்லை, அதற்குள் என்ன செய்கிறோம் என்பது நம் கையில்தான் என்று இருத்தலியல் சொல்வதற்கு நல்ல உதாரணம்.

ஆனால் இதே புயலுக்கு இன்னொரு பதிலும் இருந்தது. தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. மீனவர்கள் சிலர் திரும்பிப்போனார்கள். ஓலைக்குடிசை போட்டார்கள், மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்தார்கள். ஒரு பொருளுக்கு வேண்டுமானால் முன்கூட்டியே வரையறை இருக்கலாம், மனிதனுக்குக் கிடையாது. அவன் செய்வதுதான் அவன் என்பார் சார்த்தர். அந்த மீனவர்கள் அரசின் வரையறையை ஏற்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிதானிக்கணும். அது சுதந்திரமான தேர்வா, வேறு வழியில்லாத நிலையா? கடல்தான் தொழில் என்றால் வேறெங்கே போவது? வறுமையை 'சுதந்திரம்' என்று புகழ்வது நமக்குச் சுலபம், செலவும் இல்லை. 1947-இல் சிமோன் தெ பொவ்வார் எழுதிய அறவியல் நூல் இங்கேதான் உதவுகிறது. அடுத்தவரின் சுதந்திரத்தையும் விரும்பாமல் என் சுதந்திரத்தை நான் உண்மையாக விரும்ப முடியாது என்கிறார் அவர். அதாவது, அவர்கள் துணிச்சலாகத் தேர்ந்தார்கள் என்று சொல்வதோடு நம் வேலை முடியவில்லை. தேர்வதற்கு நாம் என்னென்ன வழிகளை விட்டுவைத்தோம் என்றும் கேட்க வேண்டும்.

பாலத்துக்கு 46 நாள் ஆனது. தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவே இல்லை. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது 2017-இல். ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊருக்கு யாரும் டெட்லைன் குறிக்கவில்லை.