பச்சை மரம் – 6: குரலை விழுங்கிய காடு

1942 செப்டம்பர் 1, விடியற்காலை. பத்துமலைக்கு அருகே ரகசியமாகக் கூடியிருந்த மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களையும் ஜப்பானிய எதிர்ப்புப் படையினரையும் ஜப்பானியர் சுற்றி வளைத்துச் சுட்டார்கள். இயக்கத்தின் மூத்தவர்கள் பலர் அன்று மாண்டார்கள். வரவேண்டிய பொதுச்செயலாளர் லாய் தெக் மட்டும் வரவில்லை. வழியில் கார் பழுதாகிவிட்டது என்றார். நம்பினார்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி ஏறும் அதே மலையடிவாரம்தான். லாய் தெக் என்ற பெயர் நினைவிருக்கட்டும்.

1943 மே 24. இலங்கையிலிருந்து வந்த ஒரு டச்சு நீர்மூழ்கி, பேராக் கரையோரம் ஜான் டேவிசையும் சீன உளவாளிகள் ஐவரையும் இறக்கிவிட்டது. பின்னாளில் ஃபோர்ஸ் 136 எனப்பட்ட பிரிட்டிஷ் ரகசியப் படையின் ஆட்கள். காட்டுக்குள் இருக்கும் எதிர்ப்புப் படையைக் கண்டு, கொழும்புக்குச் செய்தி அனுப்ப வேண்டும். இடையில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடல். பின்னால் வந்து சேர்ந்த வானொலிக் கருவியோ பெருங்கனம். மலைமுகாமுக்குத் தூக்க முடியாமல் கீழேயே ஒளித்து வைத்தார்கள். அப்படியே தூக்கியிருந்தாலும் அடுத்த எதிரி அங்கேயே நின்றுகொண்டிருந்தான்: மரம்.

மரம் எப்படி எதிரியாகும்? பால்மரம் சீவிய நம் பாட்டிமார் இருட்டோடு நிரைக்கு ஓடியது ஏன்? இரவில் வேர் இழுத்த நீர் இலைவழி ஆவியாகாமல் மரத்துக்குள் விம்மி நிற்கும். வெயில் ஏறுமுன் சீவினால் பால் நன்றாக வடியும். உயிருள்ள மரம் நீர் நிறைந்த தூண் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்த சங்கதி. அந்த நீரில் மண்ணின் உப்புகள் கரைந்திருப்பதால் அதில் மின்சாரம் ஓடும். காய்ந்த கட்டையில் ஓடாது.

இதைப் பயன்படுத்திக்கொண்டவர் ஜார்ஜ் ஸ்குவையர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. 1904இல் கலிபோர்னியாவின் அட்டஸ்கடேரோ முகாமில் மண் வறண்டு கிடந்தது; தந்திக் கருவிகளுக்குத் தரைத்தொடர்பு சரியாகக் கிடைக்கவில்லை. யூகலிப்டஸ் மரத்தில் ஆணி அடித்துக் கம்பியை மாட்டினார்கள். கருவி தெளிவாகப் பேசியது! 1919இல் அவர் இன்னும் முன்னேறியிருந்தார்: உயர்ந்த மரத்தின் மேற்பகுதியில் ஓர் ஆணி, அதிலிருந்து வாங்கிக்கருவிக்கு ஒரு கம்பி. அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த செய்திகளை மரம் பிடித்துத் தந்தது.

ஆனால் அலையைப் பிடிக்கும் மரம் அலையைக் குடிக்கவும் செய்யும். ஒற்றை மரம் வரம் என்றால், பேராக்கின் மலைக்காடு சாபம். செங்குத்தாக நிறுத்திய ஏரியலிலிருந்து கிளம்பும் அலை, செங்குத்தாக நிற்கும் ஒவ்வொரு அடிமரத்திலும் மின்னோட்டத்தைக் கிளப்பிச் சூடாகக் கரைந்துபோகும். அதிர்வெண் கூடக்கூட இலையும் சுள்ளியும் பங்கு கேட்கும். மழை பெய்து இலை நனைந்தால் நிலைமை இன்னும் மோசம். கம்பியைக் கிடைமட்டமாகக் கட்டினால் இழப்பு குறையும். அலையை மேல்நோக்கி விட்டால், வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் தொலைவில் இறங்கும். அதற்கு மரக்கூரைக்கு மேல் கொஞ்சம் வானம் திறந்திருக்க வேண்டும். காட்டை வெட்டி வானம் திறந்தால் ஜப்பானிய விமானம் பார்த்துவிடும். மறைக்கிற இலையே வாயையும் பொத்துகிறது. கருவி கீழே கிடக்க, மேலே இப்படிப்பட்ட காட்டில் அவர்கள் குரலின்றி மாதக்கணக்கில் கிடந்தார்கள். அந்தத் தவிப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1943 டிசம்பர் கடைசி. பேராக் மலையில் பிளந்தான் முகாம். பிரிட்டிஷ் தரப்பில் டேவிஸ், ரிச்சர்ட் புரூம், காட்டிலேயே காலம் தள்ளிய ஸ்பென்சர் சாப்மன், சிங்கப்பூர் வணிகர் லிம் போ செங். கட்சியின் சார்பில் பேசி முடிக்க ஒருவர் மலையேறி வந்தார். பெயர் சாங் ஹோங் என்றார்கள். 31ஆம் தேதி உடன்பாடு எழுதியாயிற்று: ஆயுதமும் பணமும் நேசநாடுகள் தரும், ஜப்பானியரை எதிர்ப்பதில் கட்சி துணை நிற்கும். இதை உடனே கொழும்புக்குச் சொல்ல முகாமில் வானொலி இல்லை.

எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சாங் ஹோங் யார்?

பத்துமலைக்கு வரும் வழியில் கார் பழுதானது என்று சொன்னவர்.

(தொடரும்)