கம்பியும் கம்பெனியும்

"அவன் பெரிய எம்டன்" என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிடிகொடாதவன், எவரையும் ஏய்க்க வல்லவன் என்பது அதன் பொருள். 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாளிரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டு வீசி எரித்த ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர் இவ்வாறு தமிழ்ச் சொல்லாயிற்று. சொல்லை நாம் அறிவோம். அக்கப்பல் எங்கே, எவ்வாறு அழிந்தது என்பதை அறிந்தவர் சிலரே. அதனை அழித்தது சிட்னி என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பல். ஆனால் சிட்னியை அழைத்தவர்கள் படைவீரர்கள் அல்லர். ஒரு தந்திக் கம்பெனியின் சம்பள ஊழியர்கள்.

1914 நவம்பர் 9ஆம் நாட் காலை, இந்துமாக்கடலின் நடுவேயுள்ள கொக்கோஸ் தீவுக் கூட்டத்தில், டிரெக்ஷன் தீவின் முன்னே எம்டன் நங்கூரமிட்டது. அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிப்பதே அதன் நோக்கம். ஏறத்தாழ ஐம்பது வீரர் கரையிறங்கினர். அவர்கள் நிலத்தில் கால் வைக்குமுன்னரே, அந்நியக் கப்பலொன்று வந்திருக்கிறது என்ற செய்தியை ஊழியர்கள் அனுப்பிவிட்டனர். கொழும்பை நோக்கிப் படைகளை ஏற்றிச் சென்ற கப்பற் கூட்டத்துக்குக் காவலாக வந்த சிட்னி, ஐம்பது மைல் தொலைவிலே அச்செய்தியைப் பெற்றது. சில மணி நேரத்தில் எம்டனின் கதை முடிந்தது. கம்பியில்லாத் தந்தியின் உயர்ந்த கம்பத்தை ஜேர்மானியர் வீழ்த்த முற்பட்டபோது, அது தங்கள் டென்னிஸ் திடலில் விழாதவாறு பார்த்துக்கொள்ளும்படி ஊழியர்கள் கேட்டார்களாம், வந்தவர்களும் இணங்கினார்களாம். யுத்தம் இன்னும் கனவான்களின் பொழுதுபோக்காகத் தோன்றிய நாள்கள் அவை.

தன்னந்தனியான அந்த மணற்றீவில் ஒரு கம்பெனிக்கு என்ன வேலை? ஆபிரிக்காவையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த ஆழ்கடற் கம்பி 1901இல் கொக்கோஸ் வழியாகவே இடப்பட்டது. இட்டது பிரித்தானிய அரசாங்கமன்று. ஈஸ்டேண் எக்ஸ்டென்ஷன் கம்பெனி. அக்கம்பெனிக்கும் அதன் தாய்க் கம்பெனியான ஈஸ்டேண் தந்திக் கம்பெனிக்கும் அடிகோலியவர் ஜோன் பெண்டர். ஸ்கொத்லாந்திற் பிறந்து மான்செஸ்டரிற் பருத்தி வணிகத்தாற் பணந் திரட்டியவர். 1870இல் பம்பாய்க்குக் கம்பி வந்தது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1871இல் வழி திறந்தது. செப்புக் கம்பியை உப்புநீரிலிருந்து காத்தது கட்டபேர்ச்சா என்னும் மரப்பால். மலாய்க் காடுகளிலே மரங்களை வெட்டி வீழ்த்தியே அப்பாலை எடுத்தனர். நம் ஆசியாவின் மரமும் ஆசியாவின் கடற்கரையும் இல்லாமல் இந்த வலை இல்லை. ஆயின் வலையின் நுனிகள் யாவும் இலண்டனிலுள்ள ஒரு காரியாலயத்திலேயே முடிந்தன.

இவ்வேற்பாடு இரு தரப்பாருக்கும் வசதியாயிருந்தது. அரசாங்கம் மானியம் அளித்தது, போர்க்கப்பலை அனுப்பிக் காத்தது. கம்பெனி கட்டணத்தை வகுத்தது, இலாபத்தைப் பங்கிட்டது. 1899இல் போயர் யுத்தம் மூண்டதும் ஏடன் நிலையத்திலே பிரித்தானியர் தணிக்கையை ஏற்படுத்தினர். தென்னாபிரிக்காவுக்குச் செல்லும் பிரெஞ்சுக்காரரின் தந்தியும் ஜேர்மானியரின் தந்தியும் அந்த வாசலைக் கடந்தே போகவேண்டியிருந்தன. தனியார் சொத்து வேறு, அரசின் வாள் வேறு என்று நமக்குப் போதிக்கப்படும் பொருளியலுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டுவதில்லை.

ஆயினும் கம்பெனி எப்பொழுதும் அரசின் கைப்பாவை என்று கருதுவதும் தவறே. 1898ஆம் ஆண்டு மே முதலாம் நாள், மணிலாக் குடாவில் ஸ்பானியக் கப்பற்படையை அமெரிக்கத் தளபதி டூயி ஒரு காலைப்பொழுதில் அழித்தார். மணிலாவிலிருந்து ஹொங்கொங்குக்குச் சென்ற கம்பி அதே ஈஸ்டேண் எக்ஸ்டென்ஷன் கம்பெனிக்கு உரியது. அக்கம்பியை இரு தரப்பாரும் பயன்படுத்தலாம் என்று டூயி கூறியனுப்பினார். ஸ்பானிய ஆளுநர் மறுத்தார். மறுநாள் டூயி கம்பியைத் தேடியெடுத்து அறுப்பித்தார். அறுந்த முனையைத் தம் கப்பலில் இணைத்துத் தந்தியனுப்பலாம் என்று அவர் கருதியிருந்தால், அதற்கும் வழியில்லாது போயிற்று. ஸ்பெயினிடம் பெற்ற உரிமைப் பத்திரத்தைக் காரணங்காட்டி, ஹொங்கொங்கிலிருந்த கம்பெனியார் அவருடைய செய்திகளை ஏற்க மறுத்துவிட்டனர். வெற்றிச் செய்தி கப்பலேறி ஹொங்கொங் சென்று, அங்கிருந்து தந்தியாக வாஷிங்டனை அடைந்தபோது மே 7ஆம் நாளாகியிருந்தது. ஒரு குடாவின் கடற்படை முழுவதையும் அழிக்க வல்ல தளபதிக்கு ஒரு காரியாலய முகாமையாளரின் மறுப்பை அழிக்க வல்ல பீரங்கி இருக்கவில்லை. முகாமையாளர் தாமாக முடிவெடுக்கவுமில்லை. அவரிடம் இருந்தது ஒப்பந்தம். யுத்தத்தில் எவர் பக்கம் நியாயம் என்பது அந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தது. கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளின் அரசாங்கங்கள் தம் பொதுப்பணத்திலே பசுபிக் கடலில் ஒரு கம்பியை இட்டன. பெண்டரின் கம்பெனிகள் பல்லாண்டுகள் அதனை எதிர்த்தன. அரசாங்கம் வணிகத்திற் புகுதல் முறையன்று என்பது அவர்கள் வாதம்; அரசாங்கத்தின் மானியம் வணிகத்திற் புகுந்தபோது அந்த முறைகேடு அவர்கள் கண்ணிற் படவில்லை. 1902இல் பசுபிக் கம்பி வேலை செய்யத் தொடங்கியது. அதற்கு முன்னரே, போட்டிக்கு அஞ்சி, பழைய கம்பெனி தன் கட்டணத்தைக் குறைக்கலாயிற்று. ஆயின் 1929இல் அந்தப் பொதுச் சொத்தும், கம்பெனிகள் யாவும் கூடி அமைத்த புதிய தனியார் நிறுவனத்துக்கே விற்கப்பட்டது. 1934இல் கேபிள் அன்ட் வயர்லெஸ் என்று பெயர் மாறிய நிறுவனம் அதுவே. 1947இல் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசாங்கம் அதனை நாட்டுடைமையாக்கியது. 1981இல் தட்சர் அரசாங்கம் அதனை மீண்டும் பங்குச் சந்தைக்கு அனுப்பியது.

இந்நிறுவனத்தின் கொக்கோஸ் நிலையத்தோடு இலங்கைக்கு ஓர் உறவு உண்டு. அவ்வுறவு இரத்தத்தில் எழுதப்பட்டது.

1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், டிரெக்ஷன் தீவின் தந்தி நிலையத்தை யப்பானியர் மார்ச்சு மாதத்திலே குண்டு வீசித் தாக்கினர். நிலையம் அழிந்துவிட்டது என்று பகைவரை நம்பச் செய்து, மறைவிலே தொடர்பு நடத்தப்பட்டது. நிலையத்துக்கும் துறைக்கும் காவலாக, அண்மையிலுள்ள ஹொர்ஸ்பேர்க் தீவில் இரு பீரங்கிகளோடு நிறுத்தப்பட்டவர்கள் இலங்கைப் பீரங்கிப் படையின் இளைஞர்கள். அவர்களிற் சிலர் மே 8ஆம் நாளிரவு கிளர்ந்தெழுந்தனர். தம் மேலதிகாரியின் நிறவெறியும், ஏகாதிபத்தியத்துக்காகச் சாவதில் என்ன பொருள் என்ற கேள்வியும் அவர்களை எழுப்பின. கிளர்ச்சி ஓரிரவிலே அடங்கியது; ஓர் இலங்கை வீரர் அதில் மாண்டார். கிறேஷியன் பெர்னாண்டோ, கார்லோ கௌடர், பெனி டி சில்வா என்னும் மூவரும் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். கருணை மனு எழுத பெர்னாண்டோ மறுத்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் கிளர்ச்சிக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படைவீரர் இம்மூவர் மட்டுமே.

அவர்கள் கம்பியை எதிர்த்து எழவில்லை. அப்படிச் சொல்வது வரலாற்றைத் திரிப்பதாகும். நாம் காட்ட விரும்புவது வேறு. அந்தப் பவளத்திட்டிலே எவர் எதற்காக நின்றார் என்று கணக்கெடுத்தால், நிலையம் இலண்டன் பங்குதாரருடையது, கட்டளை பேரரசினுடையது, கழுத்து மட்டும் இலங்கையருடையது. எம்டனை ஏமாற்றிய ஊழியர்களைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. வெலிக்கடையின் மூவரை நம் பள்ளிக்கூடத்து மாணாக்கருள் எத்தனை பேர் அறிவர்?

கம்பி கடலடியை விட்டு வானேறிய பின்னர் இக்கேள்விகள் பழங்கதையாகிவிட்டன என்று சிலர் எண்ணலாம். கருங்கடலை நோக்குவோம். யுத்தத்துக்கெனக் கடலிலே நெடுந்தூரம் கம்பி இடப்பட்டது முதன்முதலாக அங்கேதான். 1855 ஏப்ரிலில், வார்ணாத் துறைமுகத்தின் அருகிலிருந்து கிரிமியாவுக்கு முந்நூறு மைலுக்கு மேற்பட்ட கம்பியை நியூவல் என்னும் பிரித்தானியக் கம்பெனி இட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் அது பழுதாயிற்று. அதற்குள், இலண்டன் அமைச்சர்கள் போர்முனைத் தளபதியை நாள்தோறும் வினவித் தொல்லை கொடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டனர்.

2022 பெப்ருவரி 24ஆம் நாள் உக்ரேன் மீது ருஷ்யா படையெடுத்தது. அன்று காலையிலேயே வயாசற் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் செய்மதித் தொடர்பு இணையத் தாக்குதலால் முடங்கியது. இரு நாள் கழித்து உக்ரேனிய அமைச்சர் மிகாயிலோ பெடரோவ், ஸ்பேஸ் எக்ஸ் கம்பெனியின் அதிபர் ஈலோன் மஸ்க்கிடம் டுவிட்டரிலே உதவி வேண்டினார். ஓர் அரசு ஒரு வணிகரிடம் பகிரங்கமாகக் கையேந்திய காட்சி அது. சில மணி நேரத்தில் ஸ்டார்லிங்க் சேவை திறக்கப்பட்டது. மருத்துவமனையும் பீரங்கிப் படையும் அதையே நம்பின. அதனால் உயிர் பிழைத்தோர் பலர் என்பதை மறைப்பது நேர்மையன்று.

ஆனால் அவ்வாண்டிலேயே கிரிமியக் கேள்வி எழுந்தது. செவஸ்தோபோலிலிருந்த ருஷ்யக் கப்பல்களை ஆளில்லாப் படகுகளால் தாக்க உக்ரேன் விரும்பியது. படகுகளை வழிநடத்த அக்கரையோரத்திலும் சேவை வேண்டுமென்று கேட்டபோது மஸ்க் மறுத்தார். இயங்கிக்கொண்டிருந்த சேவையை அவர் நிறுத்துவித்தார் என்று 2023இல் வோல்டர் ஐசக்சன் தம் நூலில் எழுதி, பின்னர் அதைத் திருத்திக்கொண்டார்: அங்கே சேவை முன்னரே திறக்கப்பட்டிருக்கவில்லை, திறக்க மறுத்ததே உண்மை. பெரும் போர்ச்செயலுக்கு உடந்தையாக மனமில்லை என்று மஸ்க் விளக்கமளித்தார். அந்த மறுப்பினால் யுத்தம் பெருகாது நின்றது என்போரும் உண்டு. ஆக்கிரமிப்பாளனுக்கே அது துணையாயிற்று என்போரும் உண்டு. இவ்வழக்கில் நம் கேள்வி வேறு. ஹொங்கொங் முகாமையாளரிடம் காட்டுவதற்கு ஓர் ஒப்பந்தமேனும் இருந்தது. இங்கே ஒரு மனிதரின் மனச்சான்றே சட்டமாயிற்று. அம்மனச்சான்றைத் தேர்ந்தெடுத்தவர் எவருமிலர். அதனை மாற்ற வாக்களிக்கவும் எவராலும் இயலாது.

2023 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் ஸ்பேஸ் எக்ஸுடன் உக்ரேனுக்கென ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன் நிபந்தனைகளைத் திணைக்களம் வெளியிடவில்லை. 2025 மார்ச்சில், தாம் ஸ்டார்லிங்கை நிறுத்தினால் உக்ரேனின் போர்முனை முழுவதும் சரிந்துவிடும் என்று மஸ்க் எழுதினார். ஒருபோதும் நிறுத்தப்போவதில்லை என்றும் உறுதி கூறினார். அந்நாளில் அச்சேவையின் ஒரு பெரும் பகுதிக்குக் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தது போலந்து அரசாங்கம். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டொலர்.