மருந்தாளரின் மௌனமும் உயர் குருதியமுக்கமும்

1952ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்தாளர் சங்கம் வகுத்த ஒழுக்கக் கோவையில், வைத்தியர் எழுதிய மருந்தின் கூறுகளைப் பற்றியோ பயனைப் பற்றியோ நோயாளியுடன் மருந்தாளர் உரையாடலாகாது என்னும் விதி இடம்பெற்றிருந்தது. மௌனம் தொழிற்பண்பாகப் போற்றப்பட்ட காலம் அது. 1969இல் அக்கோவை திருத்தப்பட்டபோதே அவ்விதி நீங்கியது.

இடைப்பட்ட காலத்தில் மருத்துவத்தில் நேர்ந்த மாற்றம் ஈண்டு நோக்கற்பாலது. 1958இல் குளோரோதயசைட்டு என்னும் சிறுநீர்ப்பெருக்கி மருந்து வழக்குக்கு வந்தது. எட்வேட் பிறீசு முதலானோர் முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகளில் நடத்தி, 1967இலும் 1970இலும் வெளியிட்ட ஆய்வுகள், உயர் குருதியமுக்கத்தைக் குறைப்பின் பக்கவாதமும் இதயத் தளர்ச்சியும் குறையும் என நிறுவின. ஆயின், நோவோ காய்ச்சலோ இல்லாத ஒருவன் நாடோறும் வில்லை விழுங்கவேண்டும். விழுங்கியபின் முன்னில்லாத சோர்வையும் தலைச்சுற்றையும் அவன் உணரவுங்கூடும். அவன் ஏன் விழுங்குவான்? மருந்து கண்டுபிடிக்கப்பட்டதனால் மாத்திரம் தீராத சிக்கல் இது. இதனை விளக்கிச் சொல்லும் வாய்ப்புடையவரோ வாய்திறத்தலாகாது என்று விதிக்கப்பட்டிருந்தார்!

1973இல் மக்கென்னி குழுவினர் வெளியிட்ட டெற்றோயிற் நகர ஆய்வு இவ்வகையில் முன்னோடியானது. 50 நோயாளருள் 25 பேரை மருந்தாளர் தொடர்ந்து சந்தித்து, மருந்தை விளக்கி, அமுக்கத்தை அளந்து, இடர்ப்பாடுகளை வைத்தியருக்கு அறிவித்தார். அவர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொண்டனர், அமுக்கமும் குறைந்தது. ஆய்வு முடிந்து மருந்தாளர் விலகியபின் அப்பயன் பெரும்பாலும் நிலைக்கவில்லை. இப்பிற்பகுதியே ஆய்வின் சிறந்த பகுதி எனலாம். அறிவுரை ஒருமுறை கூறப்பட்டு முடிவதன்று என்பதை அது காட்டிற்று.

கறுப்பின ஆடவரிடையே சிக்கல் மேலும் ஆழமானது. 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் நடந்த மேகநோய் ஆய்வில், கறுப்பின ஆடவர் சிகிச்சையின்றி விடப்பட்டிருந்தனர். அச்சமூகத்தார் வைத்தியசாலையை ஐயுறுவதற்கு அதுவொன்றே போதும். இதய வைத்தியர் றொனால்ட் விக்ரர் அவர்கள் விரும்பிக் கூடும் இடமாகிய முடிதிருத்தகத்தை நாடினார். டலஸ் நகரில் முடிதிருத்துநரே அமுக்கத்தை அளந்து வைத்தியரிடம் அனுப்பினர். 2011இல் வெளியான அம்முயற்சியின் பயன் சிறிதே. லொஸ் ஏஞ்சல்ஸில் மருந்தாளரே முடிதிருத்தகத்துக்கு வந்து, வைத்தியருடன் செய்த உடன்பாட்டின்படி மருந்தை எழுதிக் கொடுத்து, அளவையும் மாற்றினர். 52 முடிதிருத்தகங்களில் 319 பேர் பங்குகொண்ட அவ்வாய்வு 2018இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களில், மருந்தாளரைச் சந்தித்தோரின் மேலமுக்கம் சராசரியாக 27 மி.மீ. குறைந்தது, முடிதிருத்துநரின் அறிவுரை மாத்திரம் பெற்றோரிடத்து 9.3 மி.மீ. குறைந்தது.

இவ்வேறுபாட்டை அறிவுரையின் வெற்றியாகக் கொள்வது பிழையாகும். அறிவுரை இருசாராருக்கும் கிடைத்தது. மருந்தை மாற்றும் அதிகாரமுடைய ஒருவர் ஒருசாராரையே தேடி வந்தார். ஓராண்டு முடிவிலும் அவர்களிடத்து அப்பயன் நீடித்தது. மருந்தாளரின் வருகையும், முன்னிலும் குறைவாகவேனும், அதுவரை தொடர்ந்திருந்தது.