கரிசலும் தேரியும்: திருநெல்வேலித் திருச்சபையின் மருத்துவப் பணியும் தாது வருடப் பஞ்சமும்

திருநெல்வேலிச் சீமையின் கிறித்தவ மருத்துவப் பணி குறித்துப் பேசுவோர் முதலில் சுட்டுவது நாசரேத்தையே ஆகும். மருத்துவரும் குருவுமான ஜே.எம். ஸ்ட்ராக்கன் 1870இல் அங்குத் தொடங்கிய தூய லூக்கா மருத்துவமனை தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த தென்பகுதியில் அமைந்தது. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரமோ அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கி.மீ. வடக்கே உள்ளது. நோயும் வறட்சியும் மிகுந்திருந்த வடக்கை விட்டுப் பணியின் மையம் தெற்கே அமைந்தமைக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதற்காரணம் சபைகளின் பரவல். தெற்கே பனைத்தொழில் சார்ந்த மக்கள் ஊர் ஊராகத் திருச்சபையில் சேர்ந்திருந்தனர். அங்குப் பள்ளியும் மருத்துவமனையும் நிலைகொள்ள ஆதரவு இருந்தது. பாளையங்களின் நிலமாகிய வடக்கில் சபைகள் அருகியே காணப்பட்டன. ஆகவே சி.எம்.எஸ். சங்கத்தின் டி.ஜி. ராக்லாந்து 1854இல் அங்கு மேற்கொண்டது கூடாரம் அடித்து ஊர்தோறும் செல்லும் பணியே. தென்பகுதிச் சபைகள் தம் செலவில் உபதேசிமாரை முறைவைத்து அவருக்குத் துணையாக அனுப்பின. கூடாரத்தைப் பெயர்த்துச் செல்லலாம். நோயாளியைக் கிடத்திப் பேணும் இல்லத்தை அவ்வாறு பெயர்க்க இயலாது. நுரையீரல் நோயுற்றிருந்த ராக்லாந்தே 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் மறைந்தார்.

இரண்டாவது காரணம் மண்ணோடு தொடர்புடையது. கரிசல் ஈரத்தைத் தேக்கி வைத்துப் பருத்தியையும் கம்பையும் விளைவிக்கும்; ஆனால் வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் தாமிரபரணிப் பாசனம் போன்ற மாற்று அதற்கு இல்லை. பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாதலால் குடிநீருக்கு ஊருணியே கதி. மழை பெய்தாலோ வண்டிச் சக்கரம் சேற்றில் புதையும். நோயாளியைத் தெற்கே கொண்டு செல்வது இரு பருவத்திலும் எளிதன்று.

1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் இக்குறையை வெளிப்படையாக்கியது. ஊருணி வற்றி அடிக்கலங்கல் எஞ்சிய ஊர்களில் பசியோடு வாந்திபேதியும் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1877இல் மட்டும் வாந்திபேதிக்கு 3 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பலியாயினர். மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதை 1876இல்தான் திறக்கப்பட்டிருந்தது. தானியம் நிலையம்வரை வந்தது. விலை கொடுத்து வாங்கும் ஆற்றல் கூலி இழந்த கரிசல் குடிகளிடம் இல்லை.

இக்காலத்தில் எஸ்.பி.ஜி. சங்கச் சபைகளை நாடி வந்தோர் ஏறத்தாழ 20,000 பேர். 1877இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட கால்டுவெல், துன்பக் காலத்தில் கிறித்தவம் காட்டிய பரிவே இவ்வருகைக்குக் காரணம் என்றார். கஞ்சிக்காக வந்தவர் என்ற ஏளனமும் உடன் எழுந்தது. இரு தரப்பும் சேர்க்கை எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்டன. மருந்தும் கஞ்சியும் எத்தனை உயிர்களை மீட்டன என்ற கணக்கு அவ்விவாதத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டமை வியப்பிற்குரியதன்று, வருந்தத்தக்கது.

நாசரேத்தில் 1876 முதல் பொறுப்பேற்றிருந்த ஆர்தர் மர்காஷிஸ் மருத்துவப் பயிற்சி பெற்றவர். பெற்றோரை இழந்த சிறார்க்கு மருந்தும் உணவும் மட்டும் போதா என்பதைப் பஞ்சம் அவருக்கு உணர்த்தியிருத்தல் வேண்டும். அநாதை இல்லத்தைத் தொடர்ந்து 1878இல் அவர் நிறுவியது மற்றொரு மருத்துவமனையன்று, தொழிற்பள்ளி.